தியாகு அண்ணையின் தகர விமானம்

அன்று காலை நான் முதலில் செய்தது, அறையைச் சூடாக்கும் ராடியேட்டரில் காயப்போட்டிருந்த காலுறைகளைச் சோடி சேர்த்தது. ஒன்று தனியாக மிஞ்சியது. அதன் சோடியைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தபோது தியாகு அண்ணையின் மனைவி வசந்தி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"இவர் விடிய போயிட்டார், தங்கச்சி. நித்திரையிலைதான். ஒரு கரைச்சலும் குடுக்கேல்லை."

அண்ணையைப் பாரிஸின் லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருப் பக்கம், அறியாதவர்கள் குறைவு. லு பூர்ஜேயில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துப்புரவு வேலை செய்தவர். லீவு நாட்களிலும் அங்கேதான் போவார், எங்களில் யாராவது ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு. நூறு விமானங்களைக் கடந்து நேரே ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். இதை வாசிக்கிற உங்களில் பலர் அங்கே நின்றிருப்பீர்கள்.

நான் முதல்முறை பார்த்தபோது, "இதென்ன அண்ணை, கூரைத் தகரம் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது.

"ஓம், அதே வேலைதான். மெல்லிய தகட்டை நெளிச்சு விட்டால் வளையாமல் நிக்கும். மற்றவை மரச்சட்டத்திலை துணி சுத்திப் பறந்த காலம். இது முழுக்க உலோகம்."

முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், ஜெர்மனியில் பறக்கத் தொடங்கிய வகை அது. உள்ளே நான்கு பயணிகளுக்கு மூடிய அறை, மெத்தை இருக்கை, இடுப்புப் பட்டி. ஓட்டுகிற இருவரும் ஆரம்ப காலத்தில் முன்னால், காற்றிலும் மழையிலும். கதையை எப்போதும் அவர்களிடம்தான் முடிப்பார்: "உள்ளை இருந்தவை சொகுசாப் போச்சினம். வெளியிலை நனைஞ்ச ரெண்டு பேரையும் மறந்திடாதையுங்கோ."

ஆனால் பல ஆண்டுகளாக அவர் ஒரு பிழையும் சொல்லிவந்தார். உலகின் முதல் முழு உலோக விமானம் இதுதான் என்றார். பிறகு ஏதோ புத்தகத்தில் உண்மையைப் படித்துவிட்டார். போர் நடந்தபோதே அதே வடிவமைப்பாளர் படைக்காக ஓர் உலோக விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். முழு உலோகத்தில் இது முதல் பயணிகள் விமானம், அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த முறை சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணை தான் கூட்டிப்போன வீடுகளையெல்லாம் ஞாபகப்படுத்தி ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பினார். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகருக்கு அவர் போன அன்று நானும் சேர்ந்து ரயில் ஏறினேன். கதவைத் திறந்த பெண் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ! ஆருக்குக் கலியாணம்?"

"கலியாணம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. அந்த விமானத்தைப் பற்றிச் சொன்னதிலை ஒரு பிழை."

"ஐயோ, இதுக்கே ரயில் ஏறி வந்தனியள்? ஃபோனிலை சொன்னால் காணாதே?"

"பிழையை நேரிலை நிண்டுதானே சொன்னனான்," என்றார் அண்ணை. சொல்லிவிட்டு, தேநீரோடு வந்த இரண்டு வடைகளையும் ரசித்துச் சாப்பிட்டார்.

அவர் இறந்த அன்று மாலை மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'விமான அருங்காட்சியக அதிகாரி' என்று எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. துப்புரவுப் பணியாளர் என்று எழுதக் கை வரவில்லை. அவருக்கு மதிப்புச் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் ஒருநாளும் வெட்கப்படாத வேலைக்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். மறுநாள் காலை லா சப்பலின் ரூ பெர்தொனே தெருவில் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் அது ஒட்டியிருந்தது. பொபினி, கார்ஜ் புறநகர்களுக்கும் போனது.

மூன்றாம் நாள் வசந்தி அக்கா அதை வாசித்தார்.

"ஒபிசரோ? அந்த நீல உடுப்பை இருபது வருசமாத் தோய்ச்சது நான். ஒபிசருக்கு ஆரடி நீல உடுப்புக் குடுக்கிறது?" என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தும்விட்டார். "மனுசன் இருந்திருந்தால் உன்னைச் சும்மா விடாது."

முப்பத்தோராம் நாள் அச்சிடும் நினைவுப் புத்தகத்தில் சரியாகப் போடுவோம் என்று பேசிக்கொண்டோம். இங்கும் எழுதிவிட்டேன். இது போதாதா என்று இரண்டு நாள் எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். போதாது. கார்ஜ் வீட்டு வாசலில் நின்று அண்ணை சொன்ன அந்த ஒரு வசனம்தான் அவரிடமிருந்து என்னோடு வந்திருக்கிறது. அது என்னை விடுவதாக இல்லை.

வசந்தி அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ரூ பெர்தொனேயின் முதல் கடையில் தொடங்குகிறேன். அந்த அறிவித்தல் ஒட்டியிருந்த கடைகள் முடிந்ததும் பொபினி, பிறகு கார்ஜ். அந்தப் பெண் கதவைத் திறந்து, ஆருக்குக் கலியாணம் என்றுதான் கேட்பார்.