பெண்கள் பக்கத்துக் கமரா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காகப் பேனாவை எடுத்தபோது அழுகைதான் வரும் என்று நினைத்தேன். எழுத எழுதப் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது. உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள குருக்கள்மடத்தில் அக்கா மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசித் தங்கை. அக்கா பத்தாம் வகுப்பில் படிக்கும்போது அப்பா காலமானார். அன்றோடு புத்தகத்தை மூடிவிட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தவர், அண்ணனையும் என்னையும் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்து வைக்கவில்லை. பின்னர் எங்கள் ஊரிலேயே மீன்பிடித் தொழில் செய்த அத்தானைக் கைப்பிடித்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். சண்டைக் காலத்தில் வாவியில் வலை வீசப் பல நாள்கள் தடை. வீட்டில் உலை ஏற வேண்டுமே என்று அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

அவர் அங்கே இருந்தபோதுதான் கடல் ஊருக்குள் வந்தது. அத்தானும் பிள்ளைகளும் அன்று வாவிப் பக்கம் இருந்ததால் தப்பினார்கள். கடலோர வீட்டில் இருந்த அம்மா தப்பவில்லை. மூன்றாம் நாள்தான் அக்காவின் தொலைபேசி அழைப்பு எங்களுக்குக் கிடைத்தது. அம்மா போன செய்தியைச் சொன்னோம்.

“அம்மாட முகத்த ஒருக்காப் படம் புடிச்சி வைங்க. நான் வந்து பாப்பன்” என்றார்.

“அண்டைக்கே அடக்கம் பண்ணிட்டம் அக்கா. கமரா ஆருக்கிட்டயும் இல்ல” என்றேன்.

“பழைய படம்?”

“எல்லாம் தண்ணியோட போயிட்டு.”



ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது அக்காவின் பெட்டியில் ஒரு கமரா இருந்தது. வெள்ளி நிறம், பிளாஸ்டிக் உடம்பு. கடையில் இருந்தவற்றில் மலிவானது அதுதானாம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி டிஸ்க் ஒன்றைப் போட வேண்டும். ஒரு டிஸ்கில் அரைமணி நேரம் பிடிக்கலாம். ஒருமுறை பதிந்ததை அழிக்க முடியாது. பிடித்து முடிந்ததும் கமராவைக் கரண்டில் செருகி டிஸ்கைப் ‘பூட்ட’ வேண்டும். பூட்டினால்தான் மற்ற வீட்டு டிவிடி டெக்கில் அது ஓடும். பூட்டும்போது கரண்ட் போனால் டிஸ்க் பாழ். இவ்வளவையும் அக்கா கமராவோடு வந்த புத்தகத்தின் படங்களைப் பார்த்தும் தட்டித் தடவியும் தானே கற்றுக்கொண்டார்.

வந்த கையோடு ஒரு காரியம் செய்தார். சுனாமிக்கு முன் நடந்த ஒரு சொந்தக்காரர் கலியாணத்தின் வீடியோ மட்டக்களப்பு டவுனில் ஒரு வீட்டில் தப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவைப் பார்க்கலாம் என்று எங்களை அழைத்துச் சென்றார். மூன்று மணி நேரமும் பார்த்தோம். மாப்பிள்ளை வந்தார், பிரமுகர்கள் வந்தார்கள், மாலைகள் வந்தன. அம்மா வரவேயில்லை.

“மூண்டு நாளா அந்தக் கலியாணத்துக்குச் சோறாக்கினவ” என்றார் அக்கா. “ஒரு நிமிசம் அடுப்படிப் பக்கம் திருப்பியிருக்கப்படாதா?”

அதன் பிறகு அக்கா எந்த வீட்டுக்குக் கமராவோடு போனாலும் முதல் டிஸ்க் அடுப்படியில்தான் தொடங்கும். தேங்காய் துருவுபவர், மீன் வெட்டுபவர், புகையில் கண்ணைக் கசக்குபவர் எல்லோருடைய முகமும் வரும். பெரிய கமராவும் லைட்டுமாக வரும் வீடியோக்காரர்கள் அக்காவின் கமராவைப் பார்த்து, “இது விளையாட்டுச் சாமான்” என்று பகிடி பண்ணினார்கள். அக்கா சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

குவைத்தில் அக்காவோடு வேலை செய்தவர்களில் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தாயும் இருந்தார். தமக்கையை முஸ்லிம்கள் அழைப்பதுபோல அக்கா அவரை ராத்தா என்றுதான் அழைப்பார். ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் கூடியபோது, ஆம்பிளை வீடியோக்காரர் பெண்கள் பக்கம் வர முடியாது என்பதால் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். கமராப் பையைத் தூக்க நானும் கூடப் போனேன்.

மணப்பெண் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, மருதோண்டிக் கைகளோடு அறைக்குள் இருந்தார். கமராவைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

ராத்தா அக்காவிடம் கேட்டார்: “புள்ள, இத ஆம்புளைகள் ஆரும் பாக்கமாட்டாங்கதானே?”

“எண்ட கையத் தாண்டிப் போகாது ராத்தா. வாக்கு.”

அதற்குப் பிறகுதான் மணப்பெண் முக்காட்டை எடுத்தார். பெண்கள் குரவையிட்டார்கள், பாடினார்கள், ஒருவரையொருவர் கேலி செய்து ஆடினார்கள். மூன்று டிஸ்க் நிறைந்தது. அன்று அங்கே கரண்ட் இல்லை. டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, மறுநாள் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினோம்.

பாதி வழியில் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவர் பையைத் திறந்து கமராவை எடுத்தார். அவருக்குச் சந்தேகம். அதிகாரியும் வந்துவிட்டார்.

“போட்டுக் காட்டு” என்றார் அதிகாரி அரைகுறைத் தமிழில்.

குவைத்தில் சிங்களப் பெண்களோடு பழகிக் கற்ற சிங்களத்தில் அக்கா பதில் சொன்னார். ‘இது கலியாண வீட்டுப் பெண்கள். காட்டுகிறேன், ஆனால் பார்ப்பதற்குப் பெண் ஒருவர் வர வேண்டும்’ என்பதே அவர் சொன்னது. அதிகாரியின் முகம் சிவந்தது. இங்கே பெண் யாரும் இல்லை, காட்டாவிட்டால் டிஸ்கை உடைத்துவிடுவேன் என்றார்.

அப்போதும் அக்கா குரலை உயர்த்தவில்லை. “வரும் வரைக்கும் நாங்க இரிக்கம் ஐயா” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மண் மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் கொண்டக்டர் ஓடி வந்தார். “அக்கா, பஸ் வெளிக்கிடப் போகுது. காட்டிட்டு வாங்க.”

“நீங்க போங்க தம்பி.”

பஸ் போய்விட்டது. அந்த நாள்களில் சாவடியில் மறிக்கப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

“காட்டிப்போட்டுப் போவம் அக்கா” என்று காதுக்குள் கெஞ்சினேன். “ஆர் அறியப் போறா?”

“நான் அறிவன்தானே” என்றார் அக்கா. “அந்தப் புள்ள எண்ட சொல்ல நம்பித்தான் முக்காட்ட எடுத்தது.”

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். அதிகாரி இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை யாருக்கோ அழைப்பு எடுத்தார். சற்றுக் கழித்து மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஒரு பெண் பொலிஸ் வந்து இறங்கினார். அக்கா அவரை ஒரு பக்கமாக அழைத்துப் போய், சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்து, கமராவின் குட்டித் திரையில் மூன்று டிஸ்கையும் போட்டுக் காட்டினார். முதலில் விறைப்பாக நின்ற அந்தப் பெண் கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கிட்டக் குனிந்தார். மணப்பெண்ணின் தலையலங்காரத்தை யார் செய்தது என்று கேட்டார். மச்சாள்மாரின் ஆட்டம் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அதிகாரியிடம் போய், சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

அதிகாரி கமராவை அக்காவின் கையிலேயே கொடுத்தார். வழியில் வந்த நெல் லொறி ஒன்றை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் அக்கா கமராவைக் கரண்டில் செருகினார். மூன்று டிஸ்கும் பூட்டி முடிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். மறுநாள் அதே பாதையால் போய் ராத்தாவின் கையில் அவற்றை ஒப்படைத்தார். சாவடியில் நடந்ததை அவர் சொல்லவில்லை. கொண்டக்டர் சொல்லிச் சந்தை முழுக்கப் பரவியிருந்தது.

அதன் பின் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி என்று முஸ்லிம் ஊர்களிலிருந்து அக்காவைத் தேடி ஆள்கள் வந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களின் தெருவுக்கும் அவர்கள் எங்கள் தெருவுக்கும் வர யோசித்த நாள்களில்கூட அக்காவை ஏற்ற ஓட்டோ வந்து நின்றது. அந்தக் கமராவால்தான் சுனாமிக்குப் பின் கிடைத்த எங்கள் வீட்டுக்கு மேல் கூரையும், அக்காவின் பிள்ளைகளுக்குப் படிப்பும் வந்தன. இளையவர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

சண்டை முடிந்த ஆண்டில் எங்கள் மச்சாள் ஒருவர் வன்னியிலிருந்து முகாம் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். கணவர் சண்டையின் கடைசி நாள்களில் ஷெல் விழுந்து இறந்துபோயிருந்தார். மூன்று வயது மகள் மட்டும் இடுப்பில். அவர்களிடம் ஒரு படமும் இல்லை. அவர்கள் வன்னிக்குப் போவதற்கு முன் ஊரில் நடந்த ஒரு கலியாணத்தின் டிஸ்கை அக்கா தேடி எடுத்தார். அதில் அடுப்படியில் அந்த மனிதர் சட்டையில்லாமல், அகப்பையோடு, பாயாசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மச்சாள் திரையைத் தொட்டார். “இன்னொருக்காப் போடுங்க அக்கா.”

பிள்ளை கேட்டது: “அம்மா, அந்த மாமா ஆரு?”

“மாமா இல்ல மகள். அப்பா.”

அன்று பின்னேரம் முழுவதும் அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். போகும்போது டிஸ்கை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். முகாம்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதற்குப் பிறகு ஒரு சதமும் வாங்காமல் படம் பிடித்துக் கொடுத்தார்.

குட்டி டிஸ்க் கடைகளில் இல்லாமல் போகும் வரைக்கும் அந்தக் கமரா ஓடியது. பிறகு வேறு கமரா வாங்கினார். சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரு முறை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கியபோதுதான் வேலையை விட்டார். நோயைப் பற்றி யாரிடமும் முறையிட்டதில்லை. உரியவர்கள் வந்து எடுக்காமல் தன்னிடம் மிஞ்சியிருந்த முஸ்லிம் வீடுகளின் டிஸ்குகளை மட்டும் தரம்பிரித்து, பெண் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, உரியவர்களிடம் சேர்க்கச் சொன்னார். பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். கடைசி டிஸ்கும் கொடுபட்டுப் பத்து நாளில், பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி, காலைப் பொழுதில் அக்கா கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், பந்தல் போட்டு மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. செத்த வீட்டுக்கு ஓட்டமாவடியிலிருந்து ஒரு வான் நிறைய வந்து, எங்கள் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அழுத தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியாக அத்தானுக்கு. அக்கா வேலைக்குப் போன வீடுகளின் வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, எத்தனையோ கலியாணங்களை அவர் வெளியிலிருந்தே கழித்தார். மனைவி பிடித்த படங்களில் பாதியை அவர் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. காட்டச் சொல்லிக் கேட்டதும் இல்லை. அத்தான், உங்களைத் தவிர வேறு யாரும் எங்கள் அக்காவுக்குப் பொருந்தியிருக்கமாட்டார்கள்.