வெயில் பட்ட முளைப்பாரி

அம்சவேணியின் வாய்க்கு பர்மியத் தலைநகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் மரியாதை, அந்தப் பக்கமும் மரியாதை. இருபது வருஷப் பழக்கமுள்ள மீன்காரி தராசில் விரல் வைக்குமுன் இரண்டு தடவை யோசிப்பாள். தெரு நாய்கூட அவள் குரல் கேட்டால் வாலை மடக்கிக்கொள்ளும் என்பார் புருஷன் தங்கவேலு. சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆயுசு முழுக்க ரயில்வேயில் எஞ்சின் சத்தத்துக்குப் பழகி ஓய்வு பெற்ற காது அது. ஒரு நாள் திட்டு விழவில்லையென்றால், உடம்பு சரியில்லையோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

யாரை வேண்டுமானாலும் அவள் திட்டிவிட மாட்டாள். தன்னுடையவர்கள் என்று நினைப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சீர். அந்நியரிடம் தேனாகப் பேசுவாள். ரேஷன் அலுவலகத்து அதிகாரியிடம் அவள் பேசுவதைக் கேட்டால் இவளா அவள் என்று இருக்கும்.

அந்தத் தேன்தான் மருமகள் சாண்டாவுக்கும் கிடைத்து வந்தது.

மகன் கணேஷ்குமார் தொண்ணூற்றாறில் கியாக்தான் பக்கத்துப் பர்மிய விவசாயக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது அம்சவேணி நான்கு நாள் சோறு தண்ணியில்லாமல் படுத்திருந்தாள். சாதி சனத்தில் பெண்ணா இல்லை என்று அழுதாள். பிறகு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைக்கிற மாதிரி கல்யாணத்தை நடத்தினாள். வந்த பெண்ணை ஒரு சொல் சொல்வதில்லை என்று தனக்குள்ளேயே முடிவும் செய்துகொண்டாள். சோறு குழைந்தால் "யபாடெ" என்பாள். தட்டு உடைந்தால் "யபாடெ" என்பாள். பரவாயில்லை என்பதற்கு பர்மியர்கள் சொல்லும் சொல் அது. அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வருஷத்துக்கு மேல் மாமியார் வேலையை ஓட்டிவிட்டாள்.

சாண்டாவும் நல்ல பெண்தான். வீட்டுக்கும் ரயில்வே மதிலுக்கும் நடுவே தகரமும் ஓட்டாஞ்சில்லுமாகக் கிடந்த குறுகிய இடத்தை அவள்தான் தோட்டமாக்கினாள். புளிச்சகீரை, வெண்டை, மதில் மேல் படரும் சுரை, ஒரு மூலையில் மாமியாருக்கென்று மல்லிகை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு விடியலிலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். தங்கவேலு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசும் அரைகுறைத் தமிழுக்குத் தன் ரயில்வே பர்மியத்தில் பதில் சொல்வார். அவரை "அப்பே" என்று அவள் கூப்பிடும்போது அவருக்குக் குளிர்ந்துவிடும். அம்சவேணியை "அமே" என்பாள். அம்சவேணி "சொல்லும்மா" என்பாள், விருந்தாளிக்குச் சொல்வது போல.

முதல் கரு சாண்டாவுக்குத் தங்கவில்லை. இரண்டாவது ஆறு மாதத்தைத் தொட்டிருந்தது. கையும் காலும் ஒழுங்காகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அம்சவேணி மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டாள். பங்குனித் திருவிழாவுக்காக நவதானியத்தை எருப் போட்ட சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத சாமான் அறையில் வைத்தாள். முளைப்பாரி இருட்டில் வளர வேண்டும். வெயிலே தெரியாமல் வெளுத்து, மஞ்சளாக, முழ உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஆம்பிளைக் கண் படக் கூடாது, விளக்குக்கூடக் கொண்டு போகக் கூடாது. அது செழித்தால் குடும்பம் செழிக்கும், வாடினால் குடும்பமும் வாடும். அம்சவேணிக்கு அதில் துளி சந்தேகம் கிடையாது.

அந்த வருஷம் பங்குனிக்கே புத்தி பேதலித்திருந்தது. திங்கட்கிழமை தார் உருகுகிற வெயில். மறுநாள் புழுதிக்காற்று அடித்து, கொடியில் காய்ந்த லுங்கிகளைத் தண்டவாளம் வரை கொண்டுபோய்ப் போட்டது. புதன் விடியலில் தை மாதம் மாதிரி பனி. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்க, எங்கோ இடி வேறு உறுமியது. சாண்டா வானத்தைப் பார்த்துப் பார்த்துச் செடிகளுக்கு நிழல் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

புதனும் வியாழனும் கோயிலில் மாவிடிக்க, பாத்திரம் துலக்க அம்சவேணி போயே ஆக வேண்டியிருந்தது. முளைப்பாரிக்குத் தண்ணீர் யார் தெளிப்பது? தங்கவேலு உள்ளே போகக் கூடாது. மருமகளிடம்தான் சொன்னாள்.

"கொஞ்சம் தண்ணி மட்டும் தெளிச்சிரும்மா. சிரமமா இருந்தா வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். மகளாக இருந்திருந்தால், கதவைத் திறந்தா காலை ஒடிப்பேன், வெளிச்சம் பட்டா தோலை உரிப்பேன் என்று ஒரு பாட்டம் பாடியிருப்பாள். விஷயமும் விளங்கியிருக்கும். மருமகளிடம் அதிகாரம் செய்யக் கூடாது என்ற மரியாதையில் முக்கியமானதையே விழுங்கிவிட்டாள்.

சாண்டா கதவைத் திறந்தாள். இருட்டுக்குள் ரத்தமில்லாத பிள்ளைகள் மாதிரி வெளுத்துப்போய் நின்ற முளைகளைப் பார்த்தாள். விவசாயி மகள் அல்லவா, அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. பாவம் அமே, பட்டணத்தில் பிறந்தவர், வெயில் காட்ட வேண்டும் என்று தெரியவில்லை போலும் என்று நினைத்தாள். சட்டியை அணைத்தபடி தூக்கி வந்து மல்லிகைக்குப் பக்கத்தில், இளவெயிலில் வைத்தாள். தங்கவேலு பின்பக்கம் வந்தவர், சட்டியைக் கண்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். ஆம்பிளைக் கண் படக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மீதிச் சட்டம் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. கோயிலிலிருந்து வந்த அம்சவேணி, சாண்டா பத்திரமாக உள்ளே கொண்டு வைத்திருந்த சட்டியை இருட்டிலேயே உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. நிம்மதியாகப் படுத்தாள்.

வியாழக்கிழமை வானம் கறுத்ததால் மத்தியானமே திரும்பிவிட்டாள். பின்பக்கம் கால் கழுவப் போனவள் அப்படியே நின்றாள். மல்லிகைக்குப் பக்கத்தில் முளைப்பாரி இருந்தது. பச்சைப் பசேல் என்று, அரைக்கீரைப் பாத்தி மாதிரி. அதன் முன்னால் கையெல்லாம் மண்ணோடு சாண்டா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அமே, பாருங்க. பொழைச்சிருச்சு."

அம்சவேணிக்குக் கண் இருட்டியது. இவ்வளவு நாள் காத்ததும் போச்சு. நேர்ச்சை போச்சு. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வந்தது. அதோடு ஒரு வருஷமாக அடக்கி வைத்த வாயும் சேர்ந்து வந்தது. பல்லைக் கடித்து இரண்டையும் உள்ளே தள்ளினாள்.

"யபாடெ" என்றாள். "இனிமே அது அங்கேயே இருக்கட்டும்மா."

சொல்லிவிட்டு மாற்றுச் சேலைகூடக் கட்டாமல் வேலம்மா வீட்டுக்கு நடந்தாள். கோயில் பெண்களுக்கு வேலம்மாதான் தலைவி. எதற்கும் இருக்கட்டும் என்று வருஷா வருஷம் இரண்டு சட்டி கூடுதலாகப் போட்டு வைப்பவள். விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"விளையாட்டா இது? அந்தப் பொண்ணை நாலு சாத்து சாத்தினியா இல்லியா?"

"அது வேற வீட்டுப் பொண்ணுக்கா. என்னத்தைச் சொல்ல."

"உன் பேரனைச் சொமக்கிறா. வேற வீட்டுப் பொண்ணா?"

அம்சவேணி கூடுதல் சட்டி இருந்த இருட்டறைப் பக்கம் திரும்பினாள். மஞ்சளாக, முழ உயரத்துக்கு எழும்பி நின்ற சட்டி ஒன்றைத் துணி போட்டு மூடி வாங்கிக்கொண்டாள். பாதி வழி வரும்போது காற்று கிளம்பியது. தெருமுனை திரும்பும்போது மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பங்குனியில் அப்படி ஒரு மழையை அந்தத் தெரு பார்த்ததில்லை. சட்டியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

வாசலிலேயே தங்கவேலுவின் குரல் கேட்டது. பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாம்மா. அப்பே சொல்றேன்ல. வாம்மா."

சாண்டா வரவில்லை. அமேயின் முகம் ஏன் அப்படிப் போனது என்று அவள் அடுத்த வீட்டு ராணியிடம் போய்க் கேட்டிருந்தாள். ராணியும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். இப்போது தோட்டத்துச் சேற்றில் மண்டி போட்டு, அங்கேயே இருக்கட்டும் என்று அமே சொன்ன சட்டிக்கு மேலே வீட்டிலிருந்த ஒரே குடையைப் பிடித்தபடி, தான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தாள். கன்னத்துத் தனாக்கா கரைந்து கழுத்தில் வழிந்தது. மேடிட்ட வயிற்றின் மேல் லுங்கி ஒட்டியிருந்தது.

அம்சவேணி கையிலிருந்த வேலம்மாவின் சட்டியை எங்கே வைத்தோம் என்றுகூடப் பாராமல் முற்றத்தில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

"ஏண்டி கூறுகெட்டவளே, உனக்கு மண்டையில மூளை இருக்கா, களிமண்ணு இருக்கா? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு மழையில உக்காந்திருக்கியே, சட்டிக்குக் குடை, உனக்குக் குடை கெடையாதா? இது செத்தா வேற வெதைப்பேன். நீ காய்ச்சல்ல விழுந்தா உன்னைய எந்தச் சட்டியிலடி வெதைக்கிறது? எழுந்திரு. எழுந்திருங்கிறேன்ல. இந்த மனுசன் வேற கண்ணை மூடிக்கிட்டு சாமியாராட்டம் நிக்கிறாரு, புள்ளையைத் தூக்கிட்டு வர வேண்டாமா?"

அத்தனையும் தமிழ். மழைச் சத்தத்தையும் தாண்டி மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சாண்டாவுக்குப் பாதிக்கு மேல் புரிந்திருக்காது. ஆனால் அவள் முகம் மலர்ந்ததே, அதை என்னவென்று சொல்வது. கல்யாணமான புதிதில் கணேஷ்குமார் அவளிடம் சொல்லியிருந்தான், எங்கம்மா அவங்க ஆளுங்களை மட்டும்தான் திட்டுவாங்க என்று. அன்றிலிருந்து அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். தட்டை உடைத்தபோது காத்திருந்தாள், சோறு குழைந்தபோது காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் "யபாடெ" வந்தது.

"அப்பே" என்று அழுகையும் சிரிப்புமாகக் கூப்பிட்டாள். "அமே என்னைத் திட்றாங்க."

"ஆமாம்மா" என்றார் தங்கவேலு, கண்ணைத் திறக்காமலே. "இனி நீயும் தப்பிக்க முடியாது."

அம்சவேணி அவளை இழுத்து வந்து, தலையைத் துவட்டி, சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். துவட்டும்போதும் வாய் ஓயவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆனால் தன்னால் தாங்க முடியாது என்பது அந்த ஈரத் தலையைத் தொட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. முளைப்பாரி பச்சையானதற்குக் காரணம் யார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாலு வார்த்தை உரிமையாகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா?

மழை விட்டதும் முற்றத்தைப் பார்த்தாள். வேலம்மாவின் முளைப்பாரி சட்டியோரம் மடங்கி, துணிக்கடியில் தலைமுடி மாதிரி ஒட்டிக் கிடந்தது. இருட்டில் வளர்ந்த தண்டு மழைக்குத் தாங்கவில்லை. தோட்டத்துச் சட்டி நிமிர்ந்து நின்றது.

"வேலம்மாகிட்ட இன்னொண்ணு இருக்கும். போய் வாங்கிட்டு வர்றியா?" என்றார் தங்கவேலு.

"வேணாம். என் வீட்டுல சட்டி இருக்கு."

மறுநாள் சாயங்காலம், கழுவிவிட்ட மாதிரி இருந்த வானத்தின் கீழே முளைப்பாரி ஊர்வலம் கிளம்பியது. மஞ்சள் சட்டிகளின் வரிசையில் ஒன்று மட்டும் பச்சை. வேலம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ கேட்டேவிட்டார்கள், இதென்ன வேணி, கீரை மாதிரி இருக்கு என்று.

"என் மருமக வளர்த்தது" என்று சொல்லிவிட்டு அம்சவேணி நடந்தாள்.

வாயால் அப்படிச் சொன்னாளே தவிர, பயம் போகவில்லை. முறை தப்பியது தப்பியதுதான். சட்டியை அம்மன் முன் இறக்கினாள். மற்ற பெண்கள் குலவையிட, அவள் மட்டும் அம்மன் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"தாயே, இது வெயில் பட்டதுதான். மறைக்கலை. தப்பு என்னுது, அவ தெரியாத பொண்ணு. இதைச் சாக்கா வச்சு அந்த வயித்துல கை வச்சே, உன்னைச் சும்மா விட மாட்டேன். கோயில் வாசல்ல நின்னு ஊர் கேக்கத் திட்டுவேன். என் வாய் உனக்குத் தெரியும்."

பின்னால் நின்ற சாண்டாவுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. ஆனால் அந்த உதட்டசைவு என்ன வகை என்று அவளுக்கு இப்போது தெரியும். அமேவுக்கு அம்மனும் சொந்தம்தான் போல என்று நினைத்துக்கொண்டு அவளும் கும்பிட்டாள்.

ஆனி மாதத்து அடைமழையில் வலி கண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போராடிய பிறகு பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் ஒழுங்காக, அடர்ந்த முடியோடு. துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியபோது அம்சவேணி வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. பக்கத்தில் தங்கவேலுவும் கணேஷ்குமாரும் முதல் வார்த்தையாக என்ன சொல்வாளோ என்று நின்றார்கள்.

"ஏண்டி," என்றாள் குழந்தையிடம், "இவ்வளவு நேரமா ஆத்தாளைப் பாடாப் படுத்துறது? வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு."

கட்டிலில் கிடந்த சாண்டா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடித் தூங்கினாள்.