ஒரு வேப்பங்கொட்டை அளவு குறும்பி

எனக்குக் காது கேட்கிறது.

இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. பேனா கடதாசியில் ஓடும் சத்தம் கேட்கிறது — கிறீச், கிறீச் என்று. பேனாவுக்குச் சத்தம் உண்டு என்பதையே இரண்டு வருஷமாக மறந்திருந்தேன். கிழமைக்குக் கிழமை பத்திரிகையின் இந்த மூலையில் உங்களோடு கதைக்கிறவள் ஒரு செவிடி என்பது உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. வெட்கம். எழுதுகிறவளுக்குக் காது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த வெட்கத்தை உடைத்தது ஒரு நோட்டீஸ்.

சென்ற மாதம் ஒரு காலை, என் மச்சாள் பொன்னம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். என் கணவரின் தங்கை. அடுத்த வளவு. அவள் கதைப்பது எட்டு வீட்டுக்குக் கேட்கும். எனக்கு மட்டும் கேட்காது. கையில் ஒரு ரோசாக் கடதாசி. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

எங்கள் பகுதி மாதர் சங்கத்தின் ஆண்டு விழா. சனிக்கிழமை மாலை நாலு மணி. பள்ளிக்கூட மண்டபம். அதற்குக் கீழே ‘சொற்பொழிவு’ என்று போட்டு, பெரிய எழுத்தில்... என் பெயர்.

நாலு பேர் கூடினால் குசினிப் பக்கம் போய்விடுகிறவள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. மேடைக்கு எத்தனை படி என்றுகூடத் தெரியாது.

“ஆர் இதைப் போட்டது?” என்றேன்.

மச்சாள் என் காதுக்குள் வாயை வைத்தாள். “நீர்தானே ஓம் எண்டனீராம். ரீச்சர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. ஓம் எண்டதுமில்லாமல் முருங்கைக்காயும் குடுத்து விட்டனீராம்.”

அப்போதுதான் விளங்கியது.

சங்கத்தின் காரியதரிசி ஒரு இளம் ரீச்சர். இரண்டு கிழமைக்கு முன் படலையடியில் வந்து நின்று ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது. கண் என் முருங்கை மரத்தில் இருந்தது. மரமோ காய்த்துத் தொங்குகிறது... வேறு என்ன கேட்கப்போகிறாள்? “ஓம்” என்றேன். இன்னும் ஏதோ கேட்டாள். “ஓமோம்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பத்துக் காய் பறித்துக் கட்டிக் கொடுத்தேன். பாவம், இந்த அம்மா பேசவும் வருகிறார், காயும் தருகிறார் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்கள் ஊர் ‘ஓம்’ இருக்கிறதே, காது கேளாதவர்களுக்கு அதைப்போல் உதவும் சொல் வேறில்லை. ‘இல்லை’ என்றால் ஏன் என்று கேட்பார்கள். பிறகு அதற்கும் காது வேண்டும். ‘ஓம்’ என்றால் கதை முடிந்தது. இரண்டு வருஷமாக நான் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் காலம் ஓட்டினேன். எதெதற்கெல்லாம் ஓம் சொன்னேனோ, கந்தசுவாமிக்குத்தான் தெரியும்.

சரி, மேடையில் இருந்து தப்புவது எப்படி?

ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் போய், ‘இந்த அம்மா முழுச் செவிடு’ என்று ஒரு கடிதம் வாங்குவது. அதை ரீச்சரிடம் கொடுத்துவிடுவது. வெட்கம்தான். ஆனால் மேடையில் நிற்கும் வெட்கத்தைவிட இது சின்ன வெட்கம் அல்லவா?

அடுத்த நாளே மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐயா நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டார். ஒரு சின்னப் புனலைக் காதுக்குள் வைத்துப் பார்த்தார். மற்றக் காதையும் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். என்ன சொன்னார் என்று மச்சாளைக் கேட்டேன்.

“குறும்பியாம்.”

“ஆருக்குக் குறும்பு? எனக்கோ?”

“குறும்பில்லை அம்மா, கு-று-ம்-பி. காதுக் குறும்பி. ரெண்டு பக்கமும் இறுகிப்போய்க் கிடக்காம். நீர் செவிடில்லையாம்.”

இதுவரை என்ன வைத்தியம் செய்தேன் என்று ஐயா கேட்டாராம். உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், கொண்டையூசி, கோழியிறகு — மச்சாளே எல்லாம் சொன்னாள். அத்தனையும் அவள் எனக்குச் சொல்லித்தந்த வைத்தியம் என்பதை மட்டும் சொல்லவில்லை. குறும்பி தானாக வெளியே வரும் சாமானாம். நான்தான் இறகாலும் ஊசியாலும் உள்ளே உள்ளே தள்ளி இடித்து வைத்திருக்கிறேன்.

கடிதம் கேட்டேன். சோடாக் கரைத்த ஒரு துளிமருந்தைத் தந்தார். மூன்று நாள் சரிந்து படுத்துக் காதுக்குள் அதை விட வேண்டும். பிறகு கழுவிப் பார்த்து, அப்போதும் கேட்காவிட்டால் கடிதம் தருவாராம்.

மருந்து விட்டதும் கேட்ட கொஞ்சமும் போய்விட்டது. குறும்பி ஊறிப் பருக்கும், பயப்பட வேண்டாம் என்று ஐயா முன்பே சொன்னாராம். மச்சாள் அதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன்: அந்த மூன்று நாளும், கேட்காமலே போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். கடிதம் கிடைக்குமே...

நாலாம் நாள் கழுவினார். மரமுந்திரிகைப் பருப்புப் போல வளைந்த ஒரு கிண்ணத்தை என் காதுக்குக் கீழே மச்சாள் பிடித்தாள். ஐயா காதை மேலே பின்பக்கமாக இழுத்து, பித்தளைக் குழலால் இளஞ்சூட்டுத் தண்ணீரை அடித்தார். உடம்புச் சூடாகவே இருக்க வேண்டுமாம். குளிர்ந்தால் தலை சுற்றுமாம். ஒருமுறை... இரண்டுமுறை... மூன்றாம் முறை ‘பொளுக்’ என்று ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. வேப்பங்கொட்டை அளவு. புகையிலைப் பாணியின் நிறம். அதில் ஒரு உள்ளித் தோலும் ஒட்டியிருந்தது.

உடனே யாரோ என் காதுக்குள் கத்தினார்கள்.

“ஐயோ மச்சாள், உள்ளித் தோலும் வருகுது.”

“ஏன் உப்பிடிக் கத்துறீர்?” என்றேன்.

மச்சாள் கிண்ணத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். “ரெண்டு வருஷமாக் கத்திக் கத்தி என்ரை தொண்டை போச்சுது. இப்பதான் கேக்குதோ? இனி உமக்கு முன்னாலை ஒண்டும் கதைக்கேலாது.”

அப்படியென்றால் இவ்வளவு நாளும் என் முன்னால் என்ன கதைத்தாள்? இன்னும் சொல்லவில்லை.

மற்றக் காதையும் கழுவி முடித்தபோது சந்தை இரைச்சல் முழுவதும் ஜன்னலால் உள்ளே வந்தது. வண்டி மாட்டின் சலங்கை, ஆரோ இருமுவது, என் சேலை உரசுவது... எல்லாம். ஒன்று மட்டும் சின்னதாகிவிட்டது: என் குரல். அதை ஐயாவிடம் சொன்னேன்.

“அடைச்ச காதுக்குத் தன்ரை குரல் பெரிசாக் கேக்கும், அம்மா. அதாலைதான் நீங்கள் இவ்வளவு நாளும் குசுகுசுத்தனீங்கள்,” என்றார்.

பாருங்கள். நான் மெதுவாகக் கதைப்பதை ஊரார் கூச்சம் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். அந்தக் கூச்சத்தில் பாதி கிண்ணத்தில் கிடந்தது.

தலைச்சுற்று வராமல் கொஞ்ச நேரம் வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார். பக்கத்தில் கொழும்புத்துறையில் இருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும். அவன் கடலில் சுழியோடிச் சங்கு எடுக்கிறவன். காதில் பஞ்சு. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் களவாகக் கேட்ட முதல் பேச்சு இதுதான்:

“எவ்வளவு நாளாச் சீழ் வடியுது?” — ஐயா.

“மாரிக்கு முன்னமே தொடங்கீற்றுது ஐயா. கடலுக்கை இறங்காதையுங்கோ எண்டால் இவர் கேக்கிறேல்லை.”

“காது கேக்கிறேல்லையோ, சொல்லுக் கேக்கிறேல்லையோ?”

“ரெண்டுந்தான்.”

அவன் சிரித்தான். “காது சுகமானாலும் இவளின்ரை கதையைக் கேக்கேலாது ஐயா.”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், ஐயாவுக்குக் காட்டவென்று பையில் கொண்டுவந்திருந்த உள்ளியெண்ணெய்ப் போத்திலை எடுத்து நீட்டினேன். “தம்பி, இதிலை ரெண்டு துளி விட்டுப் பாருமன்.”

“அம்மா, அந்தப் போத்திலை இஞ்சை தாங்கோ,” என்றார் ஐயா. சத்தம் போடவில்லை. ஆனால் வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

அந்த மனிதனின் செவிப்பறையில் ஓட்டையாம். எண்ணெயும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. எனக்குச் சுகம் தந்த பித்தளைக் குழல் அவனுக்கு விஷம். பஞ்சுத் திரியால் ஒற்றி ஒற்றி உலர்த்தி, ஐயா ஒரு பொடி தூவினார். காது காயும்வரை சுழியோடக் கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலோ தலைச்சுற்றோ வந்தாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண்சாதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புருஷன் கூரையைப் பார்த்தான்.

நான் எழும்பியபோது ஐயா பேனாவை எடுத்தார். “கடிதம் வேணுமெண்டனீங்களெல்லே? எழுதித் தாறன். இந்த அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்குது எண்டு.”

ஆக, தப்ப வழியில்லை.

சனிக்கிழமை வந்தது. மேடைக்கு நாலு படி. முன்னால் பெண்கள், பெண்கள், பெண்கள். எழுதிக்கொண்டு போன கடதாசி கைவியர்வையில் நனைந்துவிட்டது. அதை மடித்துவிட்டு, முருங்கைக்காய்க் கதையைச் சொன்னேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆள் இல்லை. காதுக்குள் ஊசியும் இறகும் போடாதீர்கள் என்றேன். சீழ் வடியும் காதில் எண்ணெய் விடாதீர்கள் என்றேன். எல்லாச் செவிடும் குறும்பியால் வருவதில்லை, நரம்பு தளர்ந்தால் கழுவிப் பயனில்லை என்று ஐயா சொன்னதையும் சொன்னேன். ஆனால் ஐயாவிடம் காட்டாமல் எது என்று எப்படித் தெரியும்? நடுவில், பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி வந்தது. இரண்டு வருஷமாக அதை நான் உள்ளங்காலில் நிலம் அதிர்வதை வைத்துத்தான் அறிந்தேன். இப்போது சத்தம் கேட்டு, பேச்சை நிறுத்தி, அது போகும்வரை பெரிய பேச்சாளிபோல் நின்றேன்.

அன்று நான் கடைசியாகச் சொன்னது இதுதான். நம்முடைய பாஷையில் ‘கேட்பது’ என்றால் காதால் கேட்பது. வாயால் கேட்பதும் அதுதான். எனக்கு முதலாவது போனது இரண்டு வருஷம். “என்ன சொன்னீர்கள்?” என்று வாய் திறந்து கேளாமல் இருந்தது அறுபது வருஷம். முதலாவதைத் தண்ணீர் கழுவிவிட்டது. இரண்டாவதை நான்தான் கழுவ வேண்டும்.

இறங்கி வந்தபோது ரீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “அம்மா, வாற வருஷமும் பேச வருவியள்தானே?”

“என்ன கேட்டனீர் பிள்ளை? இன்னொருக்காச் சொல்லும்.”

சொன்னாள். எழுத்துக்கு எழுத்துக் கேட்டது. பக்கத்தில் முருங்கை மரமும் இல்லை.

“ஓம்” என்றேன்.