நாரை நிற்கிற இடம்

பாரிஸ் லாச்சப்பலில் மீன் வாங்க வருகிற நம் சனத்துக்கு ஒரு குணம். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணை அழுத்திப் பார்ப்பார்கள், மணந்தும் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "இது நாட்டு மீனோ?" என்று கேட்பார்கள். மீன் என்ன, இலங்கைப் பாஸ்போட்டோடா வருகிறது? ஆனால் மீன்கடை எமில் முகம் சுளிக்கமாட்டார். "ஓம், நாட்டு மீன்தான்" என்பார். ஓராவோ விளைமீனோ நீலக்கால் நண்டோ, எதைக் காட்டினாலும் அதே பதில், அதே முகம். துண்டு போட்டுப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அதற்கும் சிரிக்கமாட்டார்.

முன்பு இந்த மனிதரின் வாயை மூடவைக்க முடியாது. முல்லைத்தீவில் இருந்த காலத்தில் நந்திக்கடலில் இறால் பிடித்தவர். கடலை ஒட்டிக் கிடக்கும் அந்தக் களப்புக்குள் மழைக்குப் பிறகு இறால் எப்படிப் பெருகும், கூழைக்கடா எப்படி வாயை வலையாக்கி மீன் அள்ளும், முட்டையிட வந்த ஆமை எப்படித் தன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கரையெல்லாம் சுற்றியது என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அளப்பார். பாதி புளுகு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நின்று கேட்பார்கள்.

2009 சித்திரையோடு அந்தக் கதைகள் நின்றுபோயின.

அப்போது தம்பி ஸ்ரனிஸ்லாஸ் ஊரில் கடைசி யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். யாரிடமோ இருந்த சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று அண்ணனுக்கு எடுத்தான். கடற்தொழில் வீட்டில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன், சைக்கிள் கடை வைத்திருந்தவன்.

"அண்ணை, சனம் நந்திக்கடலுக்குள்ளாலை இறங்கி அக்கரைக்குப் போகுது. எனக்குத் தண்ணியெண்டால் பயம் தெரியும்தானே. எதாலை போறது?"

எமில் யோசிக்கவேயில்லை. "நாரை நிக்கிற இடத்தாலை போ. அது கால் ஊண்டி நிக்கிற இடத்திலை முழங்காலுக்கு மேலை தண்ணி வராது. நாரை இல்லாத பக்கம் பள்ளம். அங்கை போகாதை."

இறால் பிடித்த காலமெல்லாம் அவர் அப்படித்தான் நடந்தார். பழகிய வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. லைன் அறுந்த பிறகுதான் உறைத்தது. ஷெல் விழுகிற இடத்தில் எந்த நாரை நிற்கும்? எல்லாம் எப்போதோ பறந்திருக்குமே. எங்குமே நாரை இல்லையென்றால், நீந்தத் தெரியாதவன் எந்தப் பக்கம் காலை வைப்பான்? எமில் திரும்பத் திரும்ப அந்த இலக்கத்துக்கு எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஸ்ரனிஸ்லாசைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எமிலுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி ஆள் முழுவதும் மரத்துப்போனார். வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைத் தின்றார். ஒவ்வொரு கார்த்திகையும், செத்தவர்களுக்குப் பூசை கொடுக்கிற ஆத்துமாக்கள் திருநாள் வரும்போது, மனைவி மார்கிரட் மெதுவாகக் கேட்பாள்: "இந்த முறையாவது தம்பிக்குப் பூசை ஒண்டு ஒப்புக்கொடுப்பமோ?" "பிறகு பாப்பம்" என்பார். தம்பி உயிரோடிருப்பான் என்று நம்புகிறார் போலும் என்று அவள் விட்டுவிடுவாள். நம்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணுமில்லை. தம்பி செத்துவிட்டான் என்றால் கொன்றது தன் வாய்தான் என்று எமில் நினைத்தார். அந்தப் போன் கதையை அவர் மார்கிரட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. ஒரு சனிக்கிழமை பகல், கடைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பெயர் கோசலை. சுவிஸிலிருந்து எபினேயில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்தவளாம். இறாலைக் கிண்டிக் கிண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன இருந்தாலும் நந்திக்கடல் இறால் மாதிரி வராது, அண்ணை."

"நந்திக்கடல் தெரியுமோ?"

"தெரியாமல்? அதுக்குள்ளாலைதானே பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தப்பி வந்தனாங்கள்."

எமில் கத்தியைக் கீழே வைத்தார். இத்தனை வருடமும் யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "எந்தப் பக்கத்தாலை வந்தனீங்கள்?"

"எங்களுக்கு என்ன தெரியும்? ஒராள் தண்ணிக்குள்ளை நிண்டு வழி காட்டினவர். பிரான்ஸிலை இருக்கிற அண்ணை நாரை நிக்கிற இடத்தாலை போகச் சொன்னவராம். 'நாரை ஒண்டையும் காணேல்லை. நானே இறங்கிப் பாத்திட்டன். நான் நாரைக்குப் பதிலா நிக்கிறன், நீங்கள் போங்கோ' எண்டார். அந்த நேரத்திலும் மனுசனுக்குப் பகிடி."

"எவ்வளவு தண்ணியிலை நிண்டவர்?"

"எங்களுக்கு முழங்கால் மட்டும். அவர் பள்ளப் பக்கம், நெஞ்சளவு தண்ணியிலை. தனக்கு அங்காலை ஒருத்தரும் போயிடக்கூடாதெண்டு கத்திக்கொண்டே நிண்டவர். கழுத்திலை காத்தடிச்ச சைக்கிள் ரியூப் ஒண்டு போட்டிருந்தவர். பிறகு அதையும் கழட்டி என்ரை பிள்ளைக்குப் போட்டுவிட்டவர்."

"பிறகு?"

"நாங்கள் திரும்பிப் பாக்கேல்லை, அண்ணை." கோசலை குரலைத் தாழ்த்தினாள். "பேரும் கேக்கேல்லை."

எமில் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. தான் யாரென்றும் சொல்லவில்லை. இறாலின் தலையைக் கிள்ளி, கோது உரித்து, முதுகைக் கீறிக் குடலை எடுத்து, கழுவிப் பையில் போட்டார். லாச்சப்பலில் இறாலை உரித்தும் கொடுக்கிற கடைக்காரரைக் கோசலை அன்றுதான் கண்டாள்.

"நாட்டு இறால்தானே, அண்ணை?"

"இல்லையம்மா. இது வேறை எங்கத்தையோ கடல்."

அவள் போன பிறகு, திரான்சியில் வீட்டிலிருந்த மார்கிரட்டுக்குப் போன் எடுத்தார். "ஸ்ரனிஸ்லாசுக்குப் பூசை குடுப்பம்" என்றார்.

மார்கிரட் கேட்டாள்: "சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?"

"ஆத்துமாவுக்கு" என்று சொல்லிவிட்டு, செதில் ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாங்க வந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, எமில் வாய்விட்டு அழுதார்.