ஒரு துடிப்பை விட்டுப் பார்த்தவர்

என் வீட்டுக்காரர் நெஞ்சில் வைத்த, இதயத்தைத் தட்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கரைச் சோதிக்க வேங்கிக்கால் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். குள்ளமானவர். கண் கம்ப்யூட்டர் திரையில் இருந்தாலும், விரல் என் வீட்டுக்காரர் மணிக்கட்டை விடவில்லை.

"கோடு எழும்புது பாருங்கம்மா. அதோட உயரந்தான் தட்டுற பலம், அகலம் தட்டுற நேரம். உயரத்தைக் கொறைச்சிட்டே வருவேன். இதயம் எங்க கேக்கலையோ, அதுக்கு நல்லா மேல வெச்சிடுவேன்."

"கொறைக்காதீங்க சார்! ஜாஸ்தியாவே இருக்கட்டுங்க."

"ஜாஸ்தி வெச்சா பேட்டரி சீக்கிரம் தீந்துடும். மறுபடி நெஞ்சைக் கீறணும், பரவால்லையா?"

அண்ணாமலையாரைக் கூப்பிட்டபடி நின்றேன். கோடு குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒருமுறை கோடு எழுந்தும் துடிப்பு வரவில்லை. இவர் கட்டில் விளிம்பைப் பிடித்தார். அந்த மனிதர் சட்டென்று உயரத்தை ஏற்றினார்.

"அவ்ளோதான் ஐயா, முடிஞ்சிடுச்சு."

உயிரைக் காப்பதற்காகவே அதை ஒரு நொடி நிறுத்திப் பார்த்தவர். அவரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது; கோபமும் வருகிறது.