ஒரு வார்த்தை கேட்கும் கம்ப்யூட்டர்கள்

நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது ஒரு பிரவுசிங் சென்டரில். கெட்டுப்போனதைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் உதவியாளர். வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வயருக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பேன்.

அந்த லேப்பில் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தார். காங்கேயம் பக்கத்துப் பெண். என்னை அண்ணா என்பார், நான் அம்மணி என்பேன். நெட்வொர்க்கில் நெரிசல் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது அவருடைய ஆராய்ச்சி. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஃபைல் அனுப்பினால் லைன் திணறும். பாதி வழியில் தொலையும். தொலைந்ததைத் திரும்ப அனுப்பினால் இன்னும் திணறும். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

அதற்கு அவர் வைத்திருந்த வழி எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அனுப்புவதற்கு முன்னால் மற்ற எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்கும். எல்லாரும் சரி என்றால்தான் அனுப்பும். எங்கள் பக்கம் சண்டைகள் நிலத்தில் ஆரம்பிப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரைக்கும் அவை ‘என்னய ஒரு வார்த்த கேக்கலயே’ என்பதில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

நாலு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். ஃபைல்கள் அழகாக வரிசையில் போயின. முழு லேப்பிலும் ஓட்டிக் காட்டச் சொன்னது ஆய்வுக் குழு. அவருக்குப் பதிவுக் காலம் முடிய இருந்தது. ஓடினால் நீட்டிப்பு, ஓடாவிட்டால் இத்தனை வருடப் படிப்பு பாதியில் நின்றுபோகும்.

எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். ஓட்டினார். ஒரு ஃபைல்கூடக் கிளம்பவில்லை. ஆனால் எல்லா வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் பச்சை விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல மின்னின. அனுப்புகிறவர் யாரும் இல்லை, லைனில் மட்டும் கூட்டம். கேபிளை மாற்றினேன். ஸ்விட்ச்சை மாற்றினேன். கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கொஞ்சமாக இருந்தால் ஓடியது. கூட ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தால் ஒரு பங்கு நேரம் கூடும் என்றுதானே நினைப்போம்? அது பல மடங்கு கூடியது. ஏன் என்று அவரிடம் கேட்டேன். அவரும் அதையே என்னிடம் கேட்டார்.

அந்த நிலையில் ஒரு மதியம், அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் செய்யும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. கை காலியில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். ஊரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறிக்கிறார்கள். மாமாவைக் கேட்டால் சித்தப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். சித்தப்பா அத்தையைக் கேட்க வேண்டும் என்றாராம். அந்த அத்தை போன் போட்டு இந்த அம்மாவிடமே, “எப்ப வெக்கலாம்னு நீங்க சொல்லுங்க” என்றாராம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, அத்தை திரும்ப உங்களயேதான் கேட்டாங்களா?”

“ஆமாங் கண்ணு. யாரக் கேட்டாலும் இன்னொருத்தரக் கேட்டுச் சொல்றேங்கறாங்க. கடசில ரெண்டு பேர மட்டும் கேட்டு நாளக் குறிச்சுப்போட்டேன். கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கட்டும்.”

போனை வைத்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்கப்பட்ட கம்ப்யூட்டர் பதில் சொல்வதற்கு முன்னால் தானும் மற்றவர்களைக் கேட்கும்படி எழுதியிருந்தாராம். மரியாதைக்குத்தான். அந்த மற்றவர்களும் கேட்பார்கள். “கேக்கறதே நெரிசலாப் போச்சுங்ணா” என்றார். எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. அவர் அதைப் போர்டில் கணக்காக எழுதிக் காட்டினார், புரிந்திருந்ததும் போய்விட்டது.

யாராவது இரண்டு பேரை மட்டும் கேட்டால் போதும், கேட்கப்பட்டவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்று மாற்றினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மிச்சப்பேரை விட்டுவிடலாமா என்றேன்.

“மிசினுக்கு ஏதுங்ணா கோவம்?”

குழு வந்த அன்று நான் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டேன். முழு லேப்பும் ஓடியது. குழுவில் மூத்தவர் மட்டும், ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று கேட்டார். அம்மணி தெரியவில்லை என்றார். நீட்டிப்புக் கொடுக்கலாமா என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். நீங்க சொல்லுங்க என்றார் ஒருவர். இல்லீங்க, நீங்களே சொல்லுங்க என்றார் இன்னொருவர். முதலாமவர் மூத்தவரைக் கை காட்டினார். மூத்தவர் மறுபடி முதலாமவரைப் பார்த்தார். நானும் அம்மணியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

வெளியே வந்து, பாஸா என்று கேட்டேன்.

“ஒரு வருசம் குடுத்திருக்காங்கண்ணா. ரெண்டு ஏன் போதும்னு நிரூபிக்கணுமாம்.”

“ஏன் போதும்?”

“அதுதானுங்ணா எனக்கும் தெரியல.”

பால் காய்ச்சும் விசேஷத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். நாள் குறிக்கும்போது பதிலுக்குக் காத்திராமல் விட்டுவிட்ட மாமா, சித்தப்பா, அத்தை எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட இரண்டு பேரில் ஒருவர் வரவே இல்லை. ஏன் என்று அந்த அம்மாவுக்கும் விளங்கவில்லை. மகள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையும் கணக்குல சேக்கணுங்களாண்ணா?” என்றார்.