அண்ணியின் வெட்டுமுறுக்கி

என் அண்ணிக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவது, தைப்பது, கதவைத் தட்டுவது, என் அண்ணனை அதட்டும்போது விரலை நீட்டுவது எல்லாம். தொப்பிப் பட்டறையில் அவளுக்கு நொட்டாங்கை என்றே பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "என்ன வேணும், சொல்லு" என்று நிமிர்ந்து பார்ப்பாள். கூப்பிட்டவருக்குத்தான் என்னவோ போலாகிவிடும்.

என்னைவிட இரண்டே வயது மூத்தவள். ஆனாலும் நான் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். அவள் கீழ்வீட்டில், நான் மேல்வீட்டில். வேலையும் ஒரே பட்டறையில், ஒரே மேசையில். இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்ளாமல் இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஏமாந்து போயிருக்கிறாள். அடித்துக்கொண்டதே இல்லை என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். நான் சொல்ல வந்ததே அப்படி ஒன்றைத்தான்.

பட்டறையில் அண்ணி முதல் எட்டு வருஷம் பசைப் பிரிவில் இருந்தாள். அங்கே உட்கார இடம் கிடையாது. நின்றபடியே கொதிக்கும் பசையில் துணியை முக்கி அச்சில் ஏற்ற வேண்டும். விரல் தோல் வெங்காயச் சருகு போல உரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் பிள்ளைகள், "அம்மா, நாத்தம்" என்று தள்ளிப் போய் உட்காரும். எட்டு வருஷம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கம்பி மேசைக்கு மாற்றல் வாங்கினாள். வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள் உட்காரும் நீள மேசை. அவள் முழங்கை பக்கத்துக்காரியை இடிக்கும் என்று இடது ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். அவளுக்கு அடுத்தவள் நான்.

அகல விளிம்பு வைத்த தொப்பி தொங்கிப் போகாமல் நிற்க, அந்த விளிம்புக்குள் ஒரு கம்பி வேண்டும். நூல் சுற்றிய மெல்லிய கம்பி, சுருளாக வரும். சுருளைத் தட்டில் படுக்க வைத்துக்கொண்டு, கம்பியை இழுத்து, அளந்து, வெட்டி, வளையமாக்கி, இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். அதன்மேல் துணித்துண்டு ஒட்டி விளிம்பில் வைத்துத் தைப்போம். வெட்ட ஒரு கட்டர், முறுக்க ஒரு குறடு. அதை எடு, இதை வை, இதை எடு, அதை வை. நாங்கள் எல்லாரும் இதுதான் விதி என்று செய்துகொண்டிருந்தோம். அண்ணி மட்டும் ஒரு நாள் தாளில் கோடு போட்டு எண்ணினாள். சாயங்காலம் தாளை என்னிடம் காட்டினாள்.

"எண்ணூத்திப் பன்னெண்டு தடவ எடுத்து வெச்சிருக்கேன். இதுல எதுவும் தொப்பி இல்ல. வெறும் எடுத்தல், வெறும் வெச்சல்."

"அதுக்கு என்ன பண்ண முடியும் அண்ணி?"

"ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா?"

நான் சிரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கம்பி கட்டுகிறவர் கையில் ஒரு கொக்கி வைத்திருப்பார். கட்டுக்கம்பியில் மாட்டி, பின்னாலிருக்கும் பிடியை ஒரு இழு இழுத்தால் கொக்கி தானாகச் சுழன்று முறுக்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி நேரே இறங்கிப் போய் அதை வாங்கிப் பார்த்து, நாலு தடவை இழுத்து, தாளில் வரைந்துகொண்டு வந்துவிட்டாள். அவர் மூக்கில் விரல் வைக்காத குறை.

அடுத்து இரண்டு தெரு தள்ளி இருந்த லேத்துக்காரர். யார் என்ன கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் செய்துகொடுக்கிற ரகம். நானும் கூடப் போயிருந்தேன்.

"என்னம்மா இது, வெட்டவும் செய்யணும், முறுக்கவும் செய்யணுமா? அப்படியே தைக்கவும் சொல்லிடுங்களேன்."

"தையல நான் பாத்துக்கறேன். நீங்க இத மட்டும் பண்ணுங்க."

"சரி, எந்தப் பக்கமா சுத்தணும்?"

அண்ணி இடது கையை நீட்டி, காற்றில் கம்பியை முறுக்கிக் காட்டினாள். "இப்படி." அவரும் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் ஐந்தும் குப்பைக்குப் போயின. ஒன்று வெட்டியது, முறுக்கவில்லை. ஒன்று முறுக்கியது, நிறுத்தவே தெரியவில்லை. ஆறாவது நின்றது. பார்க்கக் குறடு மாதிரிதான் இருக்கும். வாய் நுனி கம்பியைக் கவ்வும், அதற்குச் சற்று உள்ளே வெட்டும் அலகு, பின்னால் ஒரு குமிழ். வெட்டி, நுனிகளைக் கவ்வி, குமிழை இரண்டு இழுப்பு இழுத்தால் முறுக்கு விழுந்துவிடும். கையிலிருந்து கீழே வைக்கவே வேண்டாம். பட்டறையில் அதற்கு வெட்டுமுறுக்கி என்று பெயர் விழுந்தது. என் அண்ணன், "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு, தூங்கிட்டே வண்டி ஓட்டற மாதிரி" என்றான். "நீ இப்பவே அப்படித்தான ஓட்டற" என்றாள் அண்ணி.

ஆறு மாதம் அவள் மட்டும்தான் அதை வைத்திருந்தாள். நான் பத்து தொப்பி முடித்தால் அவள் பதினாறு முடித்திருப்பாள். முதலாளியம்மா ஒரு நாள் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் மற்ற பதினோரு பேருக்கும் ஆளுக்கொன்று வந்துவிட்டது. முதலாளியம்மா அண்ணியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். எனக்கு எரிந்தது. பொறாமைதான், ஒளிப்பானேன்? ஒரே வீடு, ஒரே மேசை, அவளுக்கு மட்டும் இப்படி ஒரு மூளை.

அப்போதுதான் பெரிய கடை ஒன்றிலிருந்து முந்நூறு தொப்பிக்கு ஆர்டர் வந்திருந்தது. புதுக் கருவியில் குஷியாக வெட்டி முறுக்கித் தள்ளினோம். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மறுநாள் விளிம்பு படிவதற்காகத் தொப்பிகளுக்கு ஆவி காட்டி எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது. துணி இளகினதும் கம்பி தன் குணத்தைக் காட்டியது. விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் இறங்கி, அப்பளம் போல நெளிந்து நின்றது. எங்கள் பட்டறையில் ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. தொப்பியை அதன்மேல் வைத்து விளிம்புக்கு அடியில் ஒரு அட்டையை நுழைத்துப் பார்ப்பார்கள். அட்டை நுழைந்தால் தொப்பி தள்ளுபடி. அட்டை என்ன, என் தொப்பிகளுக்கு அடியில் விரலே நுழைந்தது. பதினோரு பேர் தொப்பியும் அதே லட்சணம்.

அண்ணியின் தொப்பிகள் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிப் படுத்திருந்தன.

பிறகு கேட்க வேண்டுமா? நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு மட்டமானதை நமக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அதை எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போய்ச் சொன்னவள் நான். "இந்தக் கருவியால எங்க பேரு கெடுது. பழையதே போதும்" என்றேன். என் அண்ணி என்றுகூட யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு வெளியே வரும்போது மனசு லேசாகக்கூட இருந்தது.

முதலாளியம்மா வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "சனிக்கிழம காலைல கண்ணாடி வெப்பேன். ஆளுக்கு ஒண்ணு, பன்னெண்டு தொப்பியும் படியணும். படியலேன்னா இந்த இரும்பெல்லாம் பழைய சாமான்காரனுக்கு. நீ பசைக்குத் திரும்பிப் போயிடு. புதுசு புதுசா யோசிக்கறவங்களுக்கு இங்க மேசை கிடையாது."

அன்றைக்குப் புதன்கிழமை.

சாயங்காலம் கீழ்வீட்டுச் சன்னல் வழியாக அண்ணி அண்ணனிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "பசைக்கு நான் போகமாட்டேன். அது நடக்காது." அழுகை இல்லை. கடைக்குப் போகமாட்டேன் என்பது போலச் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உரிந்த தோலோடு அவள் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. போய்ச் சொல்லிவிடலாமா என்று படி வரை இறங்கினேன். இறங்கிய வேகத்திலேயே ஏறிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவள் என்னிடம் கையை நீட்டினாள். "உன் வெட்டுமுறுக்கியக் குடு. என்னுத நீ வெச்சுக்க."

மாற்றிக்கொண்டோம். ஆளுக்கு நாலு தொப்பி. ஆவி காட்டி எடுத்துப் பார்த்தால், என் கருவியில் அவள் செய்தவை படிந்திருந்தன. அவள் கருவியில் நான் செய்தவை நெளிந்திருந்தன. மட்டமானதைக் கொடுத்தாள் என்ற பேச்சு அதோடு செத்தது. ஆனால் என் முகம் சிவந்ததுதான் மிச்சம், விடை கிடைக்கவில்லை.

"அப்ப கையிலதான் ஏதோ இருக்கு" என்றாள் அண்ணி. அன்று முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்பி இழுத்தால் பார்ப்பாள், வெட்டினால் பார்ப்பாள். குற்றவாளிக்கு அப்படி ஒரு பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீரென்று கேட்டாள். "உன் சுருள் ஏன் குப்புறக் கிடக்கு?"

"குப்புறவா? இப்படித்தான எல்லாரும் வெப்போம். உங்களுதுதான் மல்லாந்து கிடக்கு."

அவள் எழுந்துவிட்டாள். என் சுருளிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கம்பியை இழுத்து வெட்டி, கீழ் நுனியைக் கம்பத்துக் கொடி மாதிரி பக்கவாட்டில் மடக்கி, மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு தொங்கவிட்டாள். மடக்கிய நுனி மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்பியது. யாரும் தொடவில்லை. அப்புறம் தன் சுருளிலிருந்து அதே மாதிரி ஒன்று. அது எதிர்ப்பக்கமாகத் திரும்பியது.

படுத்திருக்கும் சுருளிலிருந்து கம்பியை இழுத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு அதற்குள்ளேயே ஏறிவிடுகிறது. எந்த முகம் மேலே இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்த முறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். வலது கைக்காரர்கள் நாங்கள் ஒரு மாதிரி வைத்தோம். அவள் கை வாட்டத்துக்கு அவள் கவிழ்த்து வைத்தாள். பழைய குறட்டில் அவரவர் கை முறுக்கு அவரவர் சுருளின் முறுக்கைக் கழித்துவிட்டது. வெட்டுமுறுக்கியோ லேத்துக்காரரிடம் அவள் காட்டிய இடது கை முறுக்கு ஒன்றைத்தான் அறியும். எங்கள் கம்பியில் முறுக்கின்மேல் முறுக்கு ஏற்றி வைத்தது. விளிம்பு நெளியாமல் என்ன செய்யும்?

இதை எல்லாம் நான் இப்போது அழகாகச் சொல்கிறேன். அப்போது அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"எல்லாரும் சுருளத் திருப்பிப் போடுங்க."

பத்துத் தட்டுகளில் பத்துச் சுருள்கள் புரண்டன. ஒருத்தி மட்டும், "காலங்காலமா இப்படித்தான..." என்று இழுத்தாள். "காலங்காலமா ரெண்டு கருவி வெச்சிருந்தோம்" என்றாள் அண்ணி. இழுத்தவளும் திருப்பினாள்.

சனிக்கிழமை காலை முதலாளியம்மா கண்ணாடிப் பலகையைத் தானே துடைத்தார். பன்னிரண்டு தொப்பிகளை ஒவ்வொன்றாக வைத்து அட்டையைச் செருகிப் பார்த்தார். ஏழாவது என்னுடையது. அட்டை விளிம்பில் முட்டி மடங்கியது. என் உயிர் திரும்பி வந்தது. பன்னிரண்டாவதும் முடிந்ததும் முதலாளியம்மா அட்டையைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குக் கிடையாது. "சரி, ஆர்டரப் பாருங்க" என்று திரும்பினார்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் அண்ணி. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நான் மேசைலதான் இருக்கேன்கிறதயும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

முதலாளியம்மா ஒரு முறை எங்கள் எல்லாரையும் பார்த்தார். "மேசைலதான் இருக்க. இனிமே கம்பி வேலைல சந்தேகம்னா இவகிட்ட கேளுங்க, என்கிட்ட வராதீங்க." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அண்ணி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். என்னால் கம்பியைத் தொட முடியவில்லை.

"அண்ணி, முதலாளியம்மாகிட்ட போய்ச் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல். "கதவு சாத்தியிருந்தா உன் குரல் வெளிய கேக்காதா என்ன?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

குமிழை இரண்டு இழுப்பு இழுத்து முறுக்கை முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தொப்பி நெளிஞ்சுது, நெளிஞ்சுதுன்னு சொன்ன. அதுல தப்பு இல்ல. ஆனா நான் உனக்கு ஒரு முழம் தள்ளித்தான உக்காந்திருந்தேன். என்கிட்ட சொல்லத் தோணலியே உனக்கு? பசைய விட அதுதான் எனக்கு எரிஞ்சுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டு வைத்தாள். அப்புறம், "விடு, இந்தக் கை இல்லாம எனக்கு வேலை ஓடாது" என்று உருவிக்கொண்டு அடுத்த கம்பியை இழுத்தாள். நானும் இழுத்தேன்.